பழைய மரத்தோட உசுரு மண்ணுல இருக்கு: சாலையோரத் தோப்புக்கு டூர் போறவங்களுக்கு ஒரு எளிய விளக்கம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ரோட்டுல போனா ரெண்டு பக்கமும் புளியமரம் கூடவே வரும். பெண்ணாகரம் வழியா ஒகேனக்கல் போறவங்க, அரூர் வழியா திருவண்ணாமலை போறவங்க, தேன்கனிக்கோட்டை பக்கம் சும்மா சுத்திப் பாக்க வர்றவங்க எல்லாருமே வெயில் ஏறினதும் பண்ற வேலை ஒண்ணுதான், நல்ல பெரிய மரமா பாத்து காரை ரோட்டை விட்டு இறக்கி அதோட நிழல்ல நிறுத்துறது. பாய விரிச்சு, கட்டிட்டு வந்த சாப்பாட்டைப் பிரிச்சு, பசங்க வேர் மேல ஏறிக் குதிச்சு, போட்டோ எடுத்து, குப்பையைக் கூட பொறுப்பா கவர்ல போட்டு எடுத்துட்டு கிளம்பிடுவாங்க. ஒரு கிளைய ஒடிக்கல, ஒரு இலையைக் கூட கிள்ளல. அப்படியும் அந்த மரத்துக்கு ஒரு சேதாரம் நடந்திருக்கு, அது கண்ணுக்குத் தெரியாது. அதுக்குப் பேரு மண் இறுக்கம். பழைய மரங்களைப் பாக்கணும்னு ஆசையா போறவங்க எல்லாரும் இந்த ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்கணும்னுதான் இதை எழுதறேன், ஏன்னா கோடாலிக்கு எதிரா பேச ஆள் இருக்கு, கோர்ட்டு இருக்கு, காலுக்கும் டயருக்கும் எதிரா பேச யாரும் இல்ல.

முதல்ல வேர் எங்க இருக்குன்னு பாப்போம். நம்மள்ல நிறைய பேர் மனசுல இருக்கற படம் என்னன்னா, மேல எவ்ளோ உயரமோ கீழயும் அவ்ளோ ஆழம், மரத்தைக் கவுத்துப் போட்ட மாதிரி வேர் நேரா கீழ போகும்னு. புளியமரத்துக்கு ஆணிவேர் உண்டு, அது நல்ல ஆழமா போகக்கூடியதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா மரத்துக்கு தினமும் சோறு போடறது அது இல்ல. தண்ணியையும் சத்தையும் உறிஞ்சறது நூல் நூலா இருக்கற மெல்லிசு வேருங்கதான், அதுல பெரும்பகுதி மேல் மண்ணுல ஒரு அடி ஆழத்துக்குள்ளயே இருக்கும், தடிமனான வேர்களும் பெரும்பாலும் ரெண்டு மூணு அடிக்குள்ளதான் ஓடும். ஆழத்துல போறதுக்குப் பதிலா அதெல்லாம் அகலத்துல போகும், கிளை எங்க முடியுதோ அதைத் தாண்டி இன்னும் ஒரு மடங்கு தூரம் வெளிய கூட போகும். நம்ம மாவட்டத்துல இது இன்னும் ஜாஸ்தி, ஏன்னா பல இடத்துல செம்மண்ணு மேலாப்புல கொஞ்சம்தான், தோண்டினா சீக்கிரமே பாறை வந்துடும், கெணறு வெட்டினவங்களைக் கேட்டா சொல்வாங்க. பாறை மேல உக்காந்திருக்கற மரம் பக்கவாட்டுலதான் கை நீட்டியாகணும். அதனால நீங்க ஒரு பெரிய மரத்துல இருந்து இருபது முப்பது அடி தள்ளி நிக்கும்போதும் மரத்து மேலதான் நிக்கறீங்க.

ஏன் மேல் மண்ணுலயே வேர் கூட்டமா இருக்குன்னா, காத்து அங்கதான் இருக்கு. வேரும் மூச்சு விடணும். இலைதான மூச்சு விடும்னு தோணும், ஆனா ஒவ்வொரு வேர் நுனிக்கும் ஆக்சிஜன் வேணும், அது மண்ணுக்குள்ள இருக்கற ஓட்டை வழியாத்தான் போகணும். நல்ல மண்ணு இட்லி மாதிரி, பாக்க கெட்டியா இருந்தாலும் பாதி வெறும் ஓட்டைதான். அந்தப் பாதியில ஒரு பங்கு தண்ணி, ஒரு பங்கு காத்து. மழை பெஞ்சா பெரிய ஓட்டை வழியா தண்ணி கீழ இறங்கிடும், அந்த இடத்துக்கு பின்னாடியே காத்து வரும், சின்ன ஓட்டையில தண்ணி தங்கி வேருக்கு வேணும்போது கிடைக்கும். இப்ப அந்த இட்லியை கையில வச்சு ஒரு அமுக்கு அமுக்குங்க. எடை அதேதான், ஒரு துளி மாவு கூட குறையல, ஆனா ஓட்டை போச்சு. மண்ணுல நடக்கறதும் இதுதான், பெரிய ஓட்டைங்க முதல்ல நசுங்கும், தண்ணி இறங்காம மேலயே ஓடிடும், காத்து உள்ள போகாது, வேர் நுனி குத்திட்டு முன்னேற முடியாம நிக்கும். மண்ணு விஞ்ஞானத்துல இதுக்கு அளவே வச்சிருக்காங்க, ஒரு கன சென்டிமீட்டர் காஞ்ச மண்ணு எத்தனை கிராம்னு. களிமண்ணுன்னா சுமாரா 1.5 கிராம் கிட்ட வந்தாலே வேர் திணற ஆரம்பிச்சிடும், மணல் கலந்த மண்ணு 1.8 வரைக்கும் கொஞ்சம் தாங்கும். அதுக்கு மேல போனா வேருக்கு அது மண்ணு இல்ல, தரை.

இதுல முக்கியமா மனசுல வச்சுக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, முதல் சில மிதிப்புலயே பாதிக்கு மேல சேதாரம் முடிஞ்சிடும். நூறு பேர் நடந்தா நூறு பங்கு, பத்து பேர் நடந்தா பத்து பங்குன்னு கணக்கு போகாது, தொடாத மண்ணுல முதல்ல போற கொஞ்சம் பேரும் முதல் வண்டியும்தான் அதிகமா கெடுக்கறது, அப்புறம் வர்றவங்க ஏற்கனவே இறுகினதை இன்னும் கொஞ்சம் இறுக்கறாங்க. அதனால நான் ஒருத்தன் போனா என்ன ஆகிடும்னு நினைக்கறது இங்க செல்லாது. ரெண்டாவது, ஈர மண்ணு காஞ்ச மண்ணை விட ரொம்ப சுலபமா நசுங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில எல்லாம் பச்சையா இருக்கும்போதுதான் நமக்கு ஊர் சுத்தணும்னு ஆசை வரும், அப்பதான் வண்டியை மண்ணுல இறக்கவே கூடாது.

வண்டியோட எடையைப் பத்தி ஒரு சின்ன கணக்கு. கார் டயர்ல 30 பிஎஸ்ஐ காத்து அடிக்கறோம் இல்லையா, டயர் தரையை அமுக்கறதும் கிட்டத்தட்ட அதே அளவுலதான், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ரெண்டு கிலோ. டூரிஸ்ட் பஸ் டயர்ல அதை விட மூணு மடங்குக்கு மேல இருக்கும். பஸ்ஸுக்கு எடையும் ஜாஸ்திங்கறதால அமுக்கம் ரொம்ப ஆழம் வரைக்கும் போகும், மேலாப்புல கொத்தி விட்டாலும் அடியில இருக்கற இறுக்கம் வருஷக்கணக்குல அப்படியேதான் இருக்கும். நம்ம ஊரு மண்ணு தானா இளகறதுக்கு மண்புழு வேணும், கரையான் வேணும், இலைச்சருகு வேணும், அதெல்லாம் இருக்கற இடத்துலதான் இளகும்.

இதை நம்ப முடியலன்னா நீங்களே பாத்துக்கலாம், காசு செலவில்ல. மழை விட்டு ரெண்டு நாள் கழிச்சு ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கங்க. வண்டி நிக்கற புளியமரத்தடிக்குப் போங்க, தரை வழவழன்னு பளபளப்பா இருக்கும், ஒரு புல்லு இருக்காது, தடிமனான வேரோட முதுகு மேல தெரியும், அதுல டயரும் செருப்பும் பட்டுப் பட்டு பட்டை தேஞ்சு உள்கட்டை வெள்ளையா வெளிய வந்திருக்கும். அங்க ஸ்க்ரூ டிரைவரை உள்ளங்கையால அழுத்துங்க, அரை இன்ச்சு ஒரு இன்ச்சு போயி நின்னுடும். அப்புறம் அதே ரோட்டுல, யாரும் இறங்காத சரிவுல, புல்லு முளைச்சு சருகு மூடி இருக்கற இன்னொரு மரத்தடியில அழுத்துங்க. பிடி வரைக்கும் இறங்கும். மேல நிமிர்ந்து ரெண்டு மரத்தோட உச்சியையும் ஒப்பிட்டுப் பாத்தீங்கன்னா மிச்சத்தை மரமே சொல்லிடும், வண்டி நிக்கற மரத்துல உச்சிக்கிளை மொட்டையா காஞ்சு குச்சி குச்சியா நீட்டிட்டு இருக்கறது நிறைய இடத்துல பாக்கலாம்.

இந்த உச்சி காயறது ஏன்னா, கீழ வேர் குறைஞ்சா மேல தண்ணி ஏத்த முடியல, அதனால ரொம்ப தூரத்துல இருக்கற நுனியை மரம் கைவிட்டுடும். இது உடனே நடக்காது. இன்னிக்கு மண்ணை இறுக்கினா அஞ்சு வருஷம், பத்து வருஷம் கழிச்சுதான் மேல தெரியும், அதுக்குள்ள பூச்சி வந்திருக்கும், பூஞ்சை வந்திருக்கும், ஒரு சூறைக்காத்து அடிச்சு மரம் சாஞ்சிடும், காத்துல விழுந்துடுச்சுன்னு எல்லாரும் சொல்லிட்டுப் போயிடுவாங்க. காத்து கடைசியா தள்ளினது மட்டும்தான். எனக்கு இதுலதான் ரொம்ப வருத்தம், காரணமும் விளைவும் இவ்ளோ தள்ளித் தள்ளி இருக்கறதால யாருக்கும் தான் பண்ணினது தெரியவே போறதில்ல.

வேரோட சேர்ந்து இன்னொரு உசுரும் மண்ணுக்குள்ள இருக்கு, வேர்ப்பூஞ்சைன்னு சொல்வாங்க. வெள்ளை வெள்ளையா முடியை விட மெல்லிசான இழை, அது வேர் நுனிக்குள்ள நுழைஞ்சு உக்காந்துக்கும், வேர் போக முடியாத சின்ன சந்துல எல்லாம் புகுந்து தண்ணியும் பாஸ்பரஸும் கொண்டு வந்து மரத்துக்குக் கொடுக்கும், மரம் அதுக்குப் பதிலா இலையில தயாரிச்ச சர்க்கரையைக் கொடுக்கும். இந்த இழைக்கும் காத்து வேணும், சருகு வேணும். மரத்தடியை சுத்தமா கூட்டிப் பெருக்கி சருகைக் குமிச்சு கொளுத்தறது பாக்கறதுக்கு நல்ல வேலை மாதிரி இருக்கும், ஆனா அது மரத்தோட சாப்பாட்டைப் பிடுங்கி எரிக்கறது.

பழைய மரம்னா என்ன, பெரிய மரமெல்லாம் பழைய மரமா

அப்படி இல்ல. தண்ணி வசதியா இருந்தா ஆலமரம் சீக்கிரமா தடிச்சிடும், பாறையில நிக்கற புளியமரம் நூறு வருஷம் ஆனாலும் ஒல்லியா இருக்கும். குளிர் நாட்டுல மரத்தை அறுத்தா வருஷத்துக்கு ஒரு வளையம் தெளிவா தெரியும், நம்ம பக்கத்து மரங்கள்ல நிறைய மரத்துக்கு அந்த வளையம் ஒழுங்கா வர்றதில்ல, அதனால இத்தனை வருஷம்னு அடிச்சு சொல்றது கஷ்டம். ஆயிரம் வருஷத்து மரம்னு போர்டு வச்சிருந்தா கொஞ்சம் நிதானமா நம்பறது நல்லது. வயசை விட நாம பாக்க வேண்டியது மரத்தோட நிலைமை. அடிமரம் தடிச்சு முண்டும் முடிச்சுமா இருக்கும், நடுவுல பொந்து விழுந்திருக்கும், தலை கொஞ்சம் சின்னதாகி கீழ்க்கிளையில இருந்து புதுசா தளிர் வந்திருக்கும். வயசான மரம் தன்னையே கொஞ்சம் சுருக்கிக்கும், அது சாவு இல்ல, அது வாழற முறை.

பொந்து விழுந்தா மரம் செத்துடுச்சு, வெட்டிடலாம்னு சொல்றவங்க நிறைய. மரத்தோட நடுக்கட்டை எப்பவோ உயிர் இல்லாததுதான், அது வெறும் தாங்கல். உயிரோட இருக்கறது பட்டைக்கு அடியில இருக்கற மெல்லிசான ஒரு படலமும் அதை ஒட்டின கொஞ்சம் கட்டையும்தான். அதனால உள்ள மொத்தமும் கோறையா போனாலும் மரம் பல வருஷம் காய்க்கும், பச்சைக்கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் அந்தப் பொந்துலதான் குஞ்சு பொரிக்கும். அதே காரணத்தாலதான் பட்டையில பேரு செதுக்கறதும் சுத்தி கம்பி கட்டறதும் ஆபத்து, கத்தி பட்டையைத் தாண்டி கொஞ்சம் உள்ள போனாலே உயிர்ப்படலத்துல வெட்டு விழுந்துடும். ரோட்டோரப் புளியமரத்துல டியூஷன் சென்டர் போர்டு, பைல்ஸ் வைத்தியம் போர்டுன்னு ஆணி அடிச்சிருக்கறதைப் பாக்கும்போது எனக்கு மனசு தாங்காது. ஒவ்வொரு ஆணியும் பூஞ்சைக்கு ஒரு வாசல்.

வெளிய எப்படி சமாளிக்கறாங்க

வட அயர்லாந்துல ஆர்மோய்ங்கற ஊருக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரோடு இருக்கு, டார்க் ஹெட்ஜஸ்னு பேரு. 1775 வாக்குல ஸ்டூவர்ட் குடும்பத்துக்காரங்க தங்களோட மாளிகைக்குப் போற வழியில ரெண்டு பக்கமும் பீச் (beech, பழம் தர்ற பீச் இல்ல) மரம் நட்டாங்க, சுமார் 150 மரம். அது வளந்து மேல கிளையும் கிளையும் பின்னி ஒரு குகை மாதிரி ஆயிடுச்சு. ஒரு பிரபலமான டிவி சீரியல்ல அந்த ரோடு வந்துச்சு, அவ்ளோதான், உலகம் பூரா இருந்து கூட்டம். பீச் மரத்துக்கு வேர் ரொம்ப மேலாப்புலதான் ஓடும், பஸ்ஸும் காரும் ஓரத்துல ஏறி ஏறி நின்னுச்சு. 2017 அக்டோபர்ல இருந்து அந்த ரோட்டுல வண்டி போகக்கூடாதுன்னு தடை போட்டாங்க. அந்த மரங்களுக்கு ஏற்கனவே வயசாயிடுச்சு, 2016லயும் 2024 ஜனவரியிலயும் புயல்ல சில மரங்கள் சாஞ்சது, நட்டதுல பாதியளவுக்குத்தான் இப்ப மிச்சம். தடை வந்தது நல்லதுதான், கூட்டம் வர ஆரம்பிச்ச அன்னிக்கே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்ங்கறது என் எண்ணம்.

அமெரிக்காவுல யோசெமிட்டியில மரிபோசா தோப்புன்னு இருக்கு, 500க்கும் மேல பெரிய செக்கோயா மரங்கள், ஆயிரக்கணக்கான வருஷம் வாழக்கூடியது. 1864ல ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டு காப்பாத்தின இடம். அப்படிப்பட்ட இடத்துலயே 1881ல ஒரு மரத்தோட அடியில சுரங்கம் மாதிரி குடைஞ்சு குதிரை வண்டி போக வழி பண்ணாங்க, டூரிஸ்ட்டுக்கு வேடிக்கை காட்டறதுக்காக. அந்த மரம் 1969 குளிர்காலத்துல பனி பாரம் தாங்காம விழுந்துச்சு, 2000 வருஷத்துக்கு மேல நின்ன மரம். அப்புறமா அவங்க கத்துக்கிட்டாங்க. 2015ல தோப்பை மூடி, உள்ள இருந்த பார்க்கிங்கையும் தார் ரோட்டையும் பேத்து எடுத்து, டிராம் வண்டியை நிறுத்தி, தண்ணி பழைய வழியில ஓட விட்டு, ஈரமான இடத்துல மரப்பலகை நடைபாதை போட்டு 2018 ஜூன்ல தொறந்தாங்க. இப்ப வண்டியை மைல் கணக்குல தள்ளி நிறுத்திட்டு ஷட்டில் பஸ்ல வரணும். யாரும் வர்றதை நிறுத்தல. தார் ரோட்டை போடறதுக்கு இல்ல, எடுக்கறதுக்கு செலவு பண்ணாங்க பாருங்க, அதுதான் இதுல பெரிய விஷயம்.

நம்ம பக்கத்துலயே பாடம் இருக்கு. தெலங்கானாவுல மஹபூப்நகர் கிட்ட பில்லலமர்ரின்னு ஒரு ஆலமரம், 700 வருஷம்னு சொல்வாங்க, கிட்டத்தட்ட மூணு ஏக்கருக்கு விழுது விட்டுப் பரவியிருக்கு. கூட்டம் விழுதுல தொங்கி ஊஞ்சல் ஆடுச்சு, சுத்தி காங்கிரீட் வேலை நடந்துச்சு, கரையான் உள்ள புகுந்து 2017 கடைசியில பெரிய கிளை ஒடிஞ்சு விழுந்துச்சு. பார்வையாளர்களை நிறுத்திட்டு, பூச்சி மருந்தை தண்ணியில கலந்து ஆஸ்பத்திரி சலைன் பாட்டில்ல ஊத்தி நூத்துக்கணக்குல மரத்துல தொங்கவிட்டு சொட்டு சொட்டா ஏத்தினாங்க. மரத்துக்கு ட்ரிப்ஸ்னு பேப்பர்ல போட்டோ வந்ததை நிறைய பேர் பாத்திருப்பீங்க.

ஓசூர்ல இருந்து பெங்களூரைத் தாண்டி தேவனஹள்ளி போனா, அங்க நல்லூர்னு ஒரு ஊரு. சுமார் 54 ஏக்கர்ல முழுக்க புளியமரத் தோப்பு, உள்ள பழைய கோயில் இடிபாடு. 2007ல இந்தியாவோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. பல்லுயிர்ச் சட்டம் 2002ல வந்தது, அதுல 37வது பிரிவுல இந்த மாதிரி இடங்களை அறிவிக்க மாநில அரசுக்கு வழி இருக்கு. நம்ம தமிழ்நாட்டுல அந்த மாதிரி முதல் தலம் 2022ல அறிவிச்ச மதுரை அரிட்டாபட்டி. புலி யானைன்னு இல்லாம, நாம குழம்புல கரைக்கற புளியோட மரத்துக்கே முதல் பட்டம் கொடுத்தாங்கங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நம்ம மாவட்டத்துக்காரங்க அவசியம் போய்ப் பாக்கணும், அந்த மரங்களோட முறுக்கு, கோறை, விழுந்த அடிமரத்துல இருந்தே மறுபடி எழும்பி நிக்கற கிளை, எல்லாம் பாத்தா நம்ம ரோட்டோர மரத்தை அதுக்கு அப்புறம் வேற கண்ணாலதான் பாப்பீங்க.

எவ்ளோ தூரம் தள்ளி நிக்கணும்

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, யாரு வேணா போடலாம். கட்டடம் கட்டறவங்களுக்கு பிரிட்டன்ல ஒரு விதி, அடிமரத்தோட குறுக்களவைப் போல 12 மடங்கு தூரம் வேரோட எல்லை, அதுக்குள்ள தோண்டக்கூடாது. ரொம்பப் பழைய மரம்னா 15 மடங்கு, இல்லன்னா கிளை முடியற இடத்துல இருந்து இன்னும் 5 மீட்டர், எது பெருசோ அது. இப்ப நம்ம ஊரு புளியமரம் ஒண்ணை எடுத்துக்கங்க. நெஞ்சு உயரத்துல, அதாவது தரையில இருந்து நாலரை அடியில, ஒரு கயிறைச் சுத்தி அளந்தா 440 சென்டிமீட்டர் வருதுன்னு வச்சுக்கங்க, ரெண்டரை ஆள் கைகோத்து கட்டிப்பிடிக்கற அளவு. அதை 3.14ஆல வகுத்தா குறுக்களவு 140 சென்டிமீட்டர். 15ஆல பெருக்கினா 21 மீட்டர், கிட்டத்தட்ட 70 அடி. மரத்தைச் சுத்தி எல்லாப் பக்கமும் 70 அடி! நம்ம ரோட்டோர மரத்துக்கு ஒரு பக்கம் ஏழெட்டு அடியிலயே தார் வந்துடும், அந்தப் பக்கம் ஏற்கனவே போச்சு. மிச்சம் இருக்கறது வயக்காட்டுப் பக்கம் மட்டும், நாம வண்டி இறக்கறதும் கரும்பு ஜூஸ் கடை போடறதும் சரியா அந்தப் பக்கத்துலதான்.

ரோடு அகலப்படுத்தற விஷயத்தை இங்க முழுசா பேச இடம் இல்ல. சேலம் பெங்களூர் ரோடு நாலு வழி ஆனப்ப போன மரங்களைப் பெரியவங்க இன்னும் சொல்லுவாங்க. வெட்டினா ஒரு மரத்துக்கு பத்து கன்னுன்னு சொல்றது வழக்கம், ஆனா விதையில இருந்து வந்த புளியங்கன்னு காய்க்கவே ஏழெட்டு வருஷம் ஆகும், பொந்து விழுந்து ஆந்தை குடியேற நம்ம பேரப்பிள்ளை காலம் வரணும். வெட்டாம விட்ட மரத்துக்கும் ஒரு பிரச்சினை இருக்கு, கேபிளுக்கும் பைப்புக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேரை ஜேசிபி மொத்தமா அறுத்துடும், அப்புறம் மரம் ஒத்தைக்கால்ல நிக்கும், அடுத்த சித்திரை கோடை மழைக் காத்துல ரோட்டுப் பக்கம் சாயும். காங்கிரீட்டும் அப்படித்தான். டெல்லியில மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்கு காங்கிரீட்டை எடுக்கணும்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013லயே உத்தரவு போட்டுச்சு, நம்ம ஊர்ல இன்னும் மேடை கட்டி டைல்ஸ் ஒட்டறதைத்தான் மரத்துக்குப் பண்ற மரியாதைன்னு நினைக்கறோம்.

மரியாதைன்னு வந்துட்டதால கோயில்காட்டைப் பத்தி சொல்லியே ஆகணும். சங்க காலத்துல ராஜாக்களுக்கு காவல் மரம் உண்டு, நம்ம தகடூரை, அதாவது இன்னிக்கு இருக்கற தருமபுரியை, அதியமான் ஆண்ட காலம் அது, எதிரி வந்து அந்த மரத்தை வெட்டினா ராஜாவையே ஜெயிச்ச மாதிரி. கிராமத்துல சாமி மரத்தடிக்கு செருப்போட போகக்கூடாது, அங்க விழுந்த காஞ்ச சுள்ளியைக் கூட வீட்டுக்கு எடுத்துட்டு வரக்கூடாது, சாமி குத்தம் ஆகிடும்னு பெரியவங்க வச்ச கட்டு. மண்ணு விஞ்ஞானம் தெரிஞ்சுதான் வச்சாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா அதனால நடந்தது என்னன்னா, வண்டி வரல, கூட்டம் மிதிக்கல, சருகு எரியல, மண்ணு இளகலாவே இருந்துச்சு, மரம் தலைமுறை தலைமுறையா நின்னுச்சு. மரிபோசாவுல கோடிக்கணக்குல செலவு பண்ணி கொண்டு வந்ததை இங்க ஒரு நம்பிக்கை காசில்லாம பண்ணிட்டு இருந்துச்சு. இப்ப அதே முனியப்பன் கோயில்ல கெடா விருந்துக்கு முப்பது வேன் வருது, சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து சாப்பிடறது நல்ல வழக்கம், எனக்கும் அது பிடிக்கும், ஆனா ரெண்டு தடி வேருக்கு நடுவுல மூணு கல்லு வச்சு அடுப்பு மூட்டினா வேர் வெந்துடும். கொதிக்கற கஞ்சித்தண்ணியும் எண்ணெய்ச் சட்டி கழுவின தண்ணியும் அடிமரத்துலயே ஊத்தறாங்க. பொந்து இருக்கற மரமா இருந்தா பொறி உள்ள பறந்து போயி உள்ளுக்குள்ளயே கனிஞ்சு, விடியும்போது மரம் நின்ன இடத்துலயே எரிஞ்சிட்டு இருக்கும்.

அப்ப என்ன பண்றது? மரத்தடிக்கே போகாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், நிழலுக்குப் போகாம எங்க போறது. வண்டியை தார் மேலயோ ஏற்கனவே கல்லாகிப் போன இடத்துலயோ நிறுத்திட்டு நடந்து போங்க. ஏற்கனவே தேஞ்ச ஒத்தையடிப் பாதை இருந்தா அதுலயே போங்க, சேதாரம் முடிஞ்ச இடத்துல நடந்தா புதுசா கெடறது ரொம்பக் குறைவு, குடும்பத்தோட போட்டோ எடுக்க அடிமரத்தைச் சுத்தி நிக்கறதை விட தள்ளி நின்னு முழு மரமும் வர்ற மாதிரி எடுத்தா படமும் நல்லா வரும். கலிபோர்னியாவுல ஹைபீரியன்னு உலகத்துலயே உயரமான மரம் இருக்கு, 115 மீட்டருக்கும் மேல, அதைத் தேடிப் போய் ஜனங்க சுத்தி இருந்த செடியெல்லாம் மிதிச்சு நாசமாக்கினதால 2022ல அந்தப் பகுதியையே மூடிட்டாங்க, மீறிப் போனா 5000 டாலர் வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். அந்த நிலைமைக்கு நம்ம தோப்பு வர வேண்டாம்.

ஊர்க்காரங்க, கோயில் நிர்வாகம் பாக்கறவங்க, ரோட்டோரத்துல கடை வச்சிருக்கறவங்க பண்றதுக்கு இன்னும் ஜாஸ்தி இருக்கு. அடிமரத்துல இருந்து முடிஞ்ச தூரத்துக்கு வண்டி ஏறாம பெரிய கல்லு நட்டாலே பாதி வேலை முடிஞ்சுது, கிருஷ்ணகிரியில கல்லுக்கா பஞ்சம். கல்லுக்கு உள்பக்கம் இருக்கற மண்ணுல மூணு நாலு இன்ச்சு கனத்துக்கு இலைச்சருகு மூடாக்கு போடுங்க, அடிமரத்தைத் தொடாம ஒரு அடி தள்ளி, இல்லன்னா பட்டை ஈரத்துல அழுகும். சருகு மக்க மக்க மண்புழு வரும், மண்புழு வந்தா மண்ணு இளகும், ரெண்டு மூணு மழைக்காலம் ஆகும், கடப்பாரை போட்டு கொத்தி இளக்கறேன்னு இறங்கிடாதீங்க, இருக்கற வேரும் அறுந்துடும். மண்ணைக் கொட்டி மேடாக்கறதும் வேண்டாம், அரை அடி மண்ணு மேல ஏறினாலே பழைய வேருக்கு காத்து போறது குறைஞ்சிடும். கடும் வெயில் வருஷத்துல வாரத்துக்கு ஒரு தடவை கிளை முடியற வட்டத்துல மெதுவா தண்ணி விடலாம், அடிமரத்துல ஊத்தினா உறிஞ்ச அங்க மெல்லிசு வேரே இருக்காது.

புளி சீசன்ல, தை மாசத்துல இருந்து பங்குனி சித்திரை வரைக்கும், மகசூல் ஏலம் எடுத்தவங்க ஆள் வச்சு கோல்ல தட்டி உலுக்குவாங்க, பொறுக்கின காயை வீட்டுக்குக் கொண்டு போய் பொம்பளைங்க உக்காந்து ஓடு தட்டி நார் எடுத்து கொட்டை நீக்கி கிலோ கணக்குல கூலி வாங்குவாங்க, அந்த மரத்தை நம்பி இத்தனை கை இருக்கு. ஏலம் எடுக்கறவங்க கிட்ட ஒரு வேண்டுகோள், காய் பொறுக்க சுலபமா இருக்கும்னு மரத்தடி புல்லை நெருப்பு வச்சு எரிக்காதீங்க, தார்ப்பாய் விரிச்சு உலுக்கினா காயும் மண்ணு ஒட்டாம சுத்தமா கிடைக்கும், விலையும் கூட போகும். முனியப்பன் கோயிலுக்குப் போறவங்க அடுப்பை கிளை நிழலுக்கு வெளிய, காத்து மரத்துப் பக்கம் அடிக்காத திசையில மூட்டுங்க, கிளம்பும்போது தணலை தண்ணி ஊத்தி கையால தொட்டுப் பாக்கற அளவுக்கு ஆத்திட்டுப் போங்க.